ஒரே திகதியில் நடந்தவை: வாசிகசாலைப் பலகைக்கு எழுதுபவர்களுக்கு

திருகோணமலையில் எங்கள் வாசிகசாலைப் பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதும் வேலை என் தலையில் விழுந்தபோது, முதல் வருடம் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எழுதினேன், ஒருவரும் நின்று வாசிக்கவில்லை. பத்துச் சம்பவங்களை அடுக்கினால் கடை விலைப்பட்டியல் மாதிரித்தான் இருக்கும்.

முதலில் ஊர்ச் சம்பவம் ஒன்றைப் பிடியுங்கள், உலகத்தை அப்புறம் பார்க்கலாம். ஏப்ரல் 9ஐ எடுங்கள். 1942இல் அன்று காலை ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன, முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதே நாள் பிலிப்பைன்ஸில், பட்டான் குடாநாட்டிலிருந்த அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் ஜப்பானிடம் சரணடைந்தன. ஒரே போர், இரண்டு முனை. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆள் நிற்பார். அதே திகதியில் 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதித் தளபதி லீ, வடபகுதித் தளபதி கிராண்டிடம் சரணடைந்ததையும் சேர்க்கலாம், ஆனால் எனக்கு அது கொஞ்சம் இழுத்துக் கட்டியது போலத்தான்.

செப்டெம்பர் 3 இன்னும் நல்ல சரக்கு. 1782இல் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் திருகோணமலைக் கடலில் மோதின. சரியாக ஒரு வருடம் கழித்து, 1783இல் அதே திகதியில், இரண்டு நாடும் வெர்சாயில் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டன. 1939இலும் அதே திகதிதான், இந்த முறை இரண்டும் ஒரே பக்கம் நின்று ஜெர்மனி மீது போர் அறிவித்தன.

சரி, இனி சரிபார்க்கும் வேலை. ஏப்ரல் 23, 1616: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பெருமையாக எழுதிவைத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் வெண்கட்டியை வாங்கி அழித்தார், பிறகுதான் விளக்கினார். ஸ்பெயின் 1582இலேயே புது நாட்காட்டிக்கு (கிரிகோரியன்) மாறிவிட்டது, இங்கிலாந்து மாறியது 1752இல். 1616இல் புதியது பழையதைவிடப் பத்து நாள் முன்னால் இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினுக்கு மே 3. போதாததற்கு, செர்வாந்தேஸ் இறந்தது 22ஆம் திகதி, 23 அடக்கம் செய்த நாள். பழைய காலத்துத் திகதி என்றால் எந்த நாட்டு நாட்காட்டி என்று கேட்காமல் வெண்கட்டியைத் தொடாதீர்கள்.

நம் வீட்டுக் கணக்கிலும் இதே பொறி உண்டு. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1622 சித்திரை வருடப்பிறப்பன்று என்று சொல்லிவருகிறோம், உடனே பலர் ஏப்ரல் 14 என்று போட்டுவிடுகிறார்கள். நம் வருடப்பிறப்பு ஆங்கில நாட்காட்டியில் ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும், அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்தில் அது ஏப்ரல் 8 வாக்கில்தான் வந்திருக்கும். ‘வருடப்பிறப்பன்று என்பது வழக்கு’ என்று எழுதினால் வம்பில்லை.

நேர வித்தியாசமும் ஒரு தொல்லை. பேர்ள் ஹாபர் தாக்குதல் ஹவாயில் டிசெம்பர் 7, அந்த நேரம் ஜப்பானில் 8. சம்பவம் நடந்த இடத்துத் திகதியையே எழுதுவது என் வழக்கம்.

வயதானவர்களிடம் கேட்கும்போது திகதி கேட்காதீர்கள், கிழமை கேளுங்கள். சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26ஐ இங்கே பலர் கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், ஞாயிறு, போயா (பௌர்ணமி) என்றுதான் சொல்வார்கள். மூன்றும் பொருந்துகிறதா என்று பழைய கலண்டரில் பார்த்தால் போதும். 2003இல் ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் அழித்ததும் டிசெம்பர் 26தான். ஆனாலும் அந்தத் திகதியில் எங்கள் பலகையில் ஒரு வரிக்கு மேல் நான் எழுதுவதில்லை.