வீட்டுவசதி லெவி: சியாட்டில் வாக்காளர் சறுக்கும் இடங்கள்

2023 நவம்பர் 7 அன்று சியாட்டில் நகரத்தில் ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் வீட்டுவசதி லெவிக்குச் சரி என்றார்கள். லெவி என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வாக்காளர் ஒப்புதலோடு போடும் கூடுதல் வரி; இது குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுவசதிக்கு. ஏழு ஆண்டுகளுக்கு 97 கோடி டாலர், சொத்து வரியோடு சேர்த்து வசூல். 2024-இல் தொடங்கிய வசூல் 2030-இல் முடிகிறது. 1980-களிலிருந்தே இந்த நகரம் ஒன்று முடிய முடிய அடுத்ததை வாக்காளரிடம் கொண்டுவருவதால், இன்னொரு வாக்குச்சீட்டையும் எதிர்பார்க்கலாம். ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு பக்கமும் தப்புக் கணக்கோடுதான் பெரும்பாலும் பேசுகிறது.

அதிகம் கேட்கிற தவறு, "வீட்டு மதிப்பு ஏற ஏற நகரத்துக்கு லெவிப் பணம் கொட்டும்" என்பது. வாஷிங்டன் மாநிலத்தில் இந்த வரி அப்படி நடப்பதில்லை. நம் ஊரில் கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, அந்த முறைதான்: மொத்தச் செலவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு பங்கு பிரிப்பது. இங்கே பங்கு வீட்டு மதிப்புப்படி. 2016-இல் நிறைவேறிய முந்தைய லெவி 29 கோடி டாலர். அப்போது ஆயிரம் டாலர் மதிப்புக்குச் சுமார் 25 சென்ட் விழுந்தது. ஊரில் வீட்டு மதிப்பெல்லாம் ஏறியதும் அந்த விகிதம் தானாக இறங்கியது. உங்கள் வீட்டு மதிப்பு மற்றவர்கள் வீட்டைவிட வேகமாக ஏறினால்தான் உங்கள் பங்கு கூடும்.

2023 லெவியின் தொடக்க விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 45 சென்ட். 9 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 405 டாலர் வரும். இதை முழுக்கப் புதுச் சுமை என்று எழுதுவதும் தவறு, ஏனென்றால் பழைய லெவி அதோடு நின்றுவிட்டது. வெறும் புதுப்பித்தல் என்று சொல்லி நழுவுவதும் தவறு, ஏனென்றால் மொத்தத் தொகை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. பழையதைக் கழித்துவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். வீட்டுக் கடன் தவணையோடு எஸ்க்ரோ வழியாக (வரிப் பணத்தையும் வங்கியே தவணையில் சேர்த்து வாங்கிக் கட்டும் முறை) வரி கட்டுபவர்களுக்கு ஏற்றம் உடனே கண்ணில் படாது. சில மாதம் கழித்துத் தவணை கூடும்போது வங்கியைத் திட்டுவார்கள். வங்கி என்ன செய்யும்?

61 வயது நிறைந்து, வருமானமும் வரம்புக்குள் இருப்பவர்கள் கிங் கவுண்டி (சியாட்டிலும் சுற்றுப்புற ஊர்களும் அடங்கிய மாவட்டம்) மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் சொத்து வரி விலக்கு கேட்கலாம். விண்ணப்பிக்காமல் தானாகக் கிடைக்காது.

இதைவிடப் பெரிய குழப்பம் வீடற்றோரின் கூடாரங்களைப் பற்றியது. "இவ்வளவு கொடுத்தும் பாலத்தடியில் கூடாரம் அப்படியே இருக்கிறதே" என்கிற கோபம் நியாயமானதுதான், ஆனால் லெவியின் மேல் காட்டினால் முகவரி மாறிப்போகும். 97 கோடியில் 70.7 கோடி வாடகை வீடுகளைக் கட்டவும் காப்பாற்றவும். 12.2 கோடி அந்தக் கட்டடங்களை நடத்தவும், அங்கே குடியிருப்போருக்கான சேவைகளுக்கும். சொந்த வீடு வாங்குவோருக்கு 5.1 கோடி, நிர்வாகத்துக்கு 6 கோடி. குடியிருப்பை இழக்கும் நிலையில் இருப்பவர்களைத் தாங்கிப் பிடிக்க 3 கோடி. இரவு தங்கும் முகாம்களும் தெருவோர உதவிப் பணிகளும் பெரும்பாலும் வேறு பணத்தில் நடப்பவை. அவற்றுக்கென்று பிராந்திய வீடற்றோர் ஆணையம் தனியாக இருக்கிறது. இன்று ஓட்டுப் போட்ட பணம் குடியேறத் தகுந்த கட்டடமாகப் பல ஆண்டு ஆகும்.

அந்த 12.2 கோடியை வீண் செலவு என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ லெவியின் உயிர்நாடியே அதுதான். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர் தரும் வாடகையில் லிஃப்ட் பழுதுபார்க்கவும் முடியாது, இரவுக் காவலருக்குச் சம்பளம் தரவும் முடியாது. கட்டிவிட்டுப் பராமரிக்காத குடியிருப்பின் கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியாததா?

70.7 கோடியை, லெவியால் கிடைக்கும் என்று நகரம் சொன்ன மூவாயிரத்துச் சொச்சம் வீடுகளால் வகுத்து "ஒரு வீட்டுக்கு இரண்டே கால் லட்சம் டாலர்தான்" என்று மகிழ வேண்டாம். அது நகரத்தின் பங்கு மட்டுமே. மத்திய அரசின் வரிச் சலுகை, மாநில நிதி, கடன் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கட்டடம் எழும்புகிறது. உண்மைச் செலவு இன்னும் அதிகம்.

ஒரு லெவியை இன்னொன்றோடு குழப்புவதும் வழக்கம். அதே 2023 ஏப்ரலில் நிறைவேறிய மனநல நெருக்கடி மையங்களுக்கான லெவி கிங் கவுண்டி முழுவதற்குமானது, பக்கத்து ஊர்களான பெல்வியூ, ரெட்மண்ட்காரர்களும் கட்டுகிறார்கள். வீட்டுவசதி லெவி சியாட்டில் நகர எல்லைக்குள் மட்டும். அந்தப் பக்கம் வீடு வைத்துக்கொண்டு நம் மக்களில் சிலர் வாட்ஸ்அப்பில் கொதிக்கும்போது, "அண்ணே, உங்க பில்லில் இது கிடையாது" என்று யாராவது சொன்னால் தேவலை.

வாடகைக்கு இருப்பவர் தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று வாக்குச்சீட்டைத் தூக்கிப் போடுவதும் சரியல்ல. உரிமையாளர் கட்டும் வரி காலப்போக்கில் வாடகையில் ஓரளவாவது ஏறும், குடியுரிமை இருந்தால் வாடகைக்காரருக்கும் ஓட்டு உண்டு. பச்சை அட்டையோ (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) எச்-1பி வேலை விசாவோ வைத்திருப்பவர்களுக்கு, எவ்வளவு சொத்து வரி கட்டினாலும், ஓட்டு இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டால் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். குடியுரிமை விண்ணப்பம் கெடலாம், நாடுகடத்தல் வரைக்கும் போகலாம்.

ஓட்டு உள்ளவர்களுக்குச் சீட்டு தபாலில் வரும், திருப்பி அனுப்பத் தபால்தலை தேவையில்லை. உறையின் மேல் கையெழுத்துப் போட மறந்தாலோ, பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ கவுண்டி கடிதம் அனுப்பும். அதற்குப் பதில் தராவிட்டால் அந்த ஓட்டு எண்ணப்படாது. கடைசி நாளன்று தபால்பெட்டியை நம்பாமல் கவுண்டியின் வாக்குப்பெட்டிக்கே நேராகப் போய்விடுங்கள், இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.