திருவருகைக் காலத்து மகிழ்ச்சி எங்கே நழுவுகிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அன்று சாமியார் ரோஜா நிறத் திருவுடையில் பீடத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். சில பங்குகளில் அந்த நிற உடை இருக்காது, ஊதாவிலேயே வருவார். அதுவும் சரிதான். அன்றைக்கு மகிழ்ச்சி ஞாயிறு. லத்தீனில் 'கௌதேத்தே' என்பார்கள். மகிழுங்கள் என்று பொருள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வந்த சொல் அது. ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள் என்று எழுதியபோது அவர் சிறையில் இருந்தார். அப்படி எழுதக் காரணம் என்ன என்பதும் அங்கேயே இருக்கிறது: "ஆண்டவர் அண்மையில் உள்ளார்."

இந்த நான்கு வாரத்து மகிழ்ச்சி முழுவதும் அந்தச் சின்ன வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. பிறந்துவிட்டார் என்ற மகிழ்ச்சி டிசம்பர் 25க்கு உரியது. பக்கத்தில் வந்துவிட்டார், இதோ வருகிறார் என்ற மகிழ்ச்சி இப்போதைக்கு உரியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒன்றுமே கையில் தங்காமல் போகிறது.

நாம் அதிகம் செய்யும் தவறு, கிறிஸ்துமஸை முன்கூட்டியே கொண்டாடித் தீர்த்துவிடுவது. குமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடிந்த கையோடு நட்சத்திரம் ஏறிவிடும். அப்புறம் அலுவலகத்தில் ஒரு கேக், பள்ளியில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் ஒரு விழா, தெருத்தெருவாகக் கேரல். கேரல் பாட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 25ஆம் தேதி வரும்போது நமக்குள் எதிர்பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். பல வீடுகளில் அன்று மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் எல்லாம் முடிந்தது, மறுநாளே குடிலைப் பிரித்துவிடுகிறோம். ஆனால் திருச்சபையின் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் அது நீளும்.

வழிபாட்டைக் கவனித்தால் காத்திருப்பது எப்படி என்று அதுவே கற்றுத்தரும். திருவருகைக் கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. பீடத்தில் பூ வைக்கலாம், ஆனால் அளவாக. பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்னதாகவே காட்டிவிடக் கூடாது என்று திருப்பலி நூலின் விதிமுறையே சொல்கிறது. வாரக்கணக்கில் அடக்கி வைத்த 'உன்னதங்களிலே' 24ஆம் தேதி இரவு மணியோசையோடு எழும்பும்போது சிலிர்க்காத ஆள் உண்டா? அந்தச் சிலிர்ப்பு நான்கு வார மௌனம் தந்தது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். குடிலில் பச்சை வயலுக்காகத் தட்டில் கேழ்வரகு முளைக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் ஈர மண்ணைப் பரப்பி, டிசம்பர் 12, 13 வாக்கில் விதைத்துவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு காலையில் ஊசிமுனை போல வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கும். சாயங்காலத்துக்குள் அது பச்சையாகிவிடும். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதைத் தவிர நம்மால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. 23ஆம் தேதி நினைவு வந்து கடைக்கு ஓடினால் பிளாஸ்டிக் புல்தான் கிடைக்கும்.

சரி, இதற்கு நேர் எதிரான தவறு, திருவருகைக் காலத்தை, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலம் போல இன்னொன்றாக நினைத்துக்கொள்வது. இரண்டுக்கும் ஊதா என்பதால் வரும் குழப்பம் இது. தவக்காலத்தில் அல்லேலூயாவையே நிறுத்திவிடுகிறோம். இப்போது ஒவ்வொரு திருப்பலியிலும் அதைப் பாடுகிறோம். மனம் திரும்ப வேண்டியது இப்போதும்தான். ஆனால் பிள்ளைப்பேறு நெருங்கிய வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பது போன்ற வேலை இது. துக்கம் அனுசரிக்கும் முகம் இதற்குப் பொருந்தாது.

இனி, எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு. மகிழ்ச்சி என்றால் உள்ளுக்குள் பொங்கும் உற்சாகம் என்று எண்ணிக்கொண்டு, அது வராதபோது 'எனக்கு விசுவாசம் போதாது' என்று நம்மையே குற்றம் சொல்லிக்கொள்வது. இதைவிட மோசம், அதையே துக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்வது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று திருவருகைக் காலம் தொடங்கியது. டிசம்பர் 17 மகிழ்ச்சி ஞாயிறு. அன்றைய இரண்டாம் வாசகத்தின் முதல் வரி: "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்." உடல்கூடக் கிடைக்காமல் கடலைப் பார்த்தபடி இருக்கும் வீட்டில் இந்த வரியை எப்படி வாசிப்பது?

அதே ஞாயிறின் முதல் வாசகம் எசாயா 61. உள்ளம் உடைந்தோரைக் குணப்படுத்த ஒருவர் அனுப்பப்படுகிறார் என்று அது தொடங்குகிறது. திருச்சபை அதை முதலில் வாசிக்க வைத்துவிட்டுத்தான் மகிழுங்கள் என்கிறது. இன்னொரு ஆண்டின் சுழற்சியில் மகிழ்ச்சி ஞாயிறு நற்செய்தியே சிறையிலிருந்து வரும் கேள்விதான். "வரவிருப்பவர் நீர் தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டவர் திருமுழுக்கு யோவான். அவருக்கே ஐயம் வந்தது. இயேசு அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சேர்கிறது, போய்ச் சொல்லுங்கள் என்றார்.

அதனால், இந்த வருடம் நட்சத்திரம் கட்டமாட்டோம் என்று சொல்லும் வீட்டுக்குப் போனால் 'மனசைத் தேத்திக்கோங்க, சந்தோஷமா இருக்கணும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள். ஒரு மெழுகுதிரி ஏற்றிச் சேர்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னால் போதும்.

சின்னத் தவறுகளும் உண்டு. சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் தேதி சாயங்காலம் வரை தள்ளிப்போடுவது அதில் ஒன்று. வரிசை கோவில் வாசல் வரை நிற்கும், சாமியாரும் களைத்திருப்பார், நீங்களும் மணியைப் பார்த்துக்கொண்டே பேசுவீர்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு வார நாள் காலைத் திருப்பலிக்கு முன் போய்ப் பாருங்கள். அதேபோல, ஜவுளி எடுப்பதெல்லாம் நம் வீட்டுக்கு மட்டும் என்று ஆகிவிடுவது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட மக்களிடம் யோவான் சுற்றி வளைக்கவில்லை: இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றார். லூக்கா நற்செய்தியின் அந்தப் பகுதியும் மகிழ்ச்சி ஞாயிறில் வாசிக்கப்படுவதுதான்.

வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற நான்கு மெழுகுதிரி வைக்கும் வருகை வளையத்தை எல்லாரும் அழகாகச் செய்கிறார்கள். 1839-இல் ஹாம்பர்க்கில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட சிறுவர்களுக்காக வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தியதிலிருந்து வந்தது அது. படம் எடுப்பதற்காக நான்கு திரியையும் முதல் வாரமே ஏற்றிவிடாதீர்கள். ரோஜா நிறத் திரி கடையில் கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் அந்த நிற ரிப்பனைச் சுற்றுங்கள், போதும். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிவந்தால், நான்காம் ஞாயிறு அன்று நான்கும் படிக்கட்டு போல நிற்கும்; முதலில் ஏற்றியது விரலளவுக்குத் தேய்ந்திருக்கும். பக்கத்தில் கேழ்வரகுப் பயிர் அரை விரல் உயரம். குடிலில் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாரும் தயார். குழந்தை இயேசு சுரூபம் மட்டும் இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கும். வீட்டில் சின்னவர் யாரோ, அவர்தான் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் அதை எடுத்து வைப்பார்.