டிக்ஷனரியும் ஃபைலும்: பைத்தான் புதிதாக எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் கற்க வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பெரிய பயிற்சி இதுதான்: பெயரும் விவரமும் ஒரு டிக்ஷனரியில் (ஒவ்வொரு கீயோடும் ஒரு வேல்யூவைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) இருக்க வேண்டும், ப்ரோகிராமை மூடினாலும் அது ஒரு ஃபைலில் தங்க வேண்டும், மறுபடி திறந்தால் திரும்ப வர வேண்டும். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் அதே இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் மாட்டிய இடங்கள்தான் அவை. கோலன் விட்டுப்போவது, இண்டெண்ட் தவறுவது போன்றவற்றைப் பெரும்பாலும் பைத்தானே பிடித்துக் காட்டிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். எரரே வராத தவறுகளும், எரர் வரும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும் தவறுகளும்தான் இங்கே.

'டபிள்யூ' மோடில் அவசரப்பட்டுத் திறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஓப்பன் ஃபங்ஷனுக்கு 'டபிள்யூ' கொடுத்தால் எழுதுவதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அது பாதிதான். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எழுதத் திறக்கிறோம் என்பதுதான் முழுசு. அழிப்பது எப்போது? ரைட் ஓடும்போது அல்ல. ஓப்பன் வரி ஓடியதுமே ஃபைல் 0 பைட் ஆகிவிடும். அப்புறம் ஒரு எழுத்துகூட எழுதாவிட்டாலும் பழையது திரும்பாது.

மாணவி ஒருவர் இந்தப் பயிற்சியை அம்மாவின் தையல் கடைக்காகக் கொஞ்சம் பெரிதாக்கினார். வாடிக்கையாளர் பெயர் கீ, இடுப்பளவு வேல்யூ. நோட்டில் இருந்த அளவுகளையெல்லாம் உட்கார்ந்து ஏற்றினார். சேமிக்கும்போது ஃபைலை 'டபிள்யூ'வில் திறந்து, டிக்ஷனரியை லூப்பில் ஓட்டி, பெயர், கமா, அளவு மூன்றையும் ப்ளஸ் போட்டு ஒட்டி ஒவ்வொரு வரியாக எழுதுவார். அளவுகள் எல்லாம் ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே, இருந்ததால் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் அளவை மாற்ற வேண்டி வந்தது. அதற்கென்று புதிதாக ஒரு பகுதி எழுதி, வாங்கிய அளவை இண்ட் (முழு எண்) ஆக்கி டிக்ஷனரியில் போட்டார். சேமிக்கும்போது டைப் எரர், ஸ்ட்ரிங்கோடு இண்ட்டை ஒட்ட முடியாது என்று.

பைத்தான் 3.7 முதல், கீக்கள் சேர்ந்த வரிசையிலேயே டிக்ஷனரியில் இருக்கும் என்பது உறுதி. வேல்யூவை மாற்றினாலும் கீயின் இடம் மாறாது. அளவு மாற்றிய பெயர் பட்டியலில் மூன்றாவது. ஆக, ஃபைலில் மிஞ்சியது முதல் இரண்டு வரி மட்டும். வித் போட்டுத்தான் திறந்திருந்தார். வித் ஃபைலை மூடித் தரும், அழிந்ததை மீட்டுத் தராது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடிலில் எரர் வந்து நின்றாலும், ஃபங்ஷனுக்கு வெளியே உருவாக்கிய டிக்ஷனரி ஷெல்லில் அப்படியே இருக்கும். பிரிண்ட் போட்டு எடுத்திருக்கலாம். அவர் எரரைச் சரிசெய்த கையோடு மறுபடி ரன் கொடுத்தார். ரன் கொடுத்தால் ஐடில் ஷெல்லைப் புதிதாகத் தொடங்கிவிடும். அதோடு டிக்ஷனரியும் போனது. அம்மா நோட்டைத் தூக்கிப் போடாததால்தான் மறுபடி ஏற்ற முடிந்தது.

சரி, எப்படி எழுத வேண்டும்? ஃபைலுக்குப் போக வேண்டிய வரிகளையெல்லாம் முதலில் ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்து முடியுங்கள். எரர் வருவதானால் அங்கேயே வரட்டும், ஃபைலை இன்னும் தொடவில்லை. பிறகு அந்த ஸ்ட்ரிங்கை அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு ஃபைலாக எழுதி மூடுங்கள். மூடிய பிறகு, ஓஎஸ் மாட்யூலில் உள்ள ரிப்ளேஸ் ஃபங்ஷனால் அதைப் பழைய ஃபைலின் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதும் நடுவில் ப்ரோகிராம் நின்றாலும் பழைய ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. கூடப்போவது சில வரிகள்தான்.

இதைச் சொன்னதும் சிலர் 'ஏ' மோடுக்குத் தாவுகிறார்கள். அது இதற்கு மருந்தல்ல. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முழு டிக்ஷனரியும் ஃபைலின் கடைசியில் மறுபடி சேரும். படிக்கும்போது ஒரே கீக்குக் கடைசி வேல்யூ நிற்பதால் கோளாறு வெளியே தெரியாது. ஆனால் நேற்று நீக்கிய பெயர் இன்று திரும்ப வந்து நிற்கும்.

ஒரே பெயர், இரண்டு கீ

கோமதியைத் தேடினால் கீ எரர். டிக்ஷனரியைப் பிரிண்ட் செய்தால் கோமதி இருக்கிறார். முதலில் நியூலைனை, அதாவது வரி முடிவைக் காட்டும் குறியை, பாருங்கள். ஃபைலிலிருந்து படிக்கும் வரியின் கடைசியில் அது ஒட்டிக்கொண்டே வரும், ஸ்ட்ரிப் போட வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால், கோளாறு நம் எழுத்திலேயே இருக்கலாம். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைத்தானுக்கு அவை வெவ்வேறு ஸ்ட்ரிங். கீயாகப் போடும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு 'என்எஃப்சி' கொடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சந்தேகம் வந்தால் பிரிண்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஆஸ்கி ஃபங்ஷனுக்குள் கீயைப் போட்டுப் பார்த்தால் குறியீடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். தமிழில் கீ வைப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

என்கோடிங் சொல்லாமல் விடுவது

எழுத்துகளை ஃபைலில் பைட்டுகளாக மாற்றி வைக்கும் முறைதான் என்கோடிங். விண்டோஸில் அதைச் சொல்லாமல் திறந்தால் பெரும்பாலும் சிபி1252 என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோட் என்கோட் எரர் வரும், அதுவும் 'டபிள்யூ' ஃபைலைக் காலி செய்த பிறகு. படிக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள்.

ஜேசனில் எண் கீ

101 என்ற ரசீது எண்ணை இண்ட் கீயாக வைத்து ஜேசனில் (டேட்டாவை டெக்ஸ்டாகச் சேமிக்கும் ஒரு வடிவம்) சேமித்தால், திரும்பப் படிக்கும்போது அது ஸ்ட்ரிங். இண்ட்டாகத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று மறுபடி சேர்த்தால் டிக்ஷனரியில் இரண்டு 101. எண்ணாக இருந்தாலும் கீயை முதலிலிருந்தே ஸ்ட்ரிங்காக வையுங்கள்.

ஒரே ஃபைலில் இரண்டாவது லூப்

முதல் லூப்பே ஃபைலைக் கடைசிவரை படித்துவிடுவதால், இரண்டாவதில் ஒன்றும் வராது, எரரும் வராது. முதல் முறையே வரிகளை லிஸ்ட்டில் எடுத்துவையுங்கள்.

லூப்புக்குள் கீயை நீக்குவது

கூடாது. நீக்க வேண்டிய கீக்களைத் தனி லிஸ்ட்டில் சேர்த்து, லூப் முடிந்ததும் நீக்குங்கள்.