லைனிங் நனையாமல் கத்தரி படக்கூடாது: வேலைக்குப் போகும் பெண்கள் உடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் எங்கள் தையலகத்தில் புது முகங்கள் கூடிவிடும். கல்லூரி முடித்து, கோவையின் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ வேலை கிடைத்த பெண்கள், வங்கித் தேர்வில் தேறி முதல் கிளைக்குப் போகிறவர்கள், குழந்தை பிறந்து சில ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்புகிறவர்கள். கையில் துணிப்பை, கைப்பேசியில் நாலைந்து படங்கள். "திங்கட்கிழமை சேர வேண்டும் அக்கா, ஐந்தும் அதற்குள் வேண்டும்" என்பார்கள்.

அவர்கள் செய்யும் தவறுகளில் பலவும் என் தலைமுறைப் பெண்கள் வேலைக்குப் போன புதிதில் செய்தவைதான். துணிக்கடைகள் மாறிவிட்டன, படங்கள் மாறிவிட்டன, தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. கசங்கிய துணி, ஆழமான கழுத்து, பொருந்தாத நிறம் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை வீட்டில் அம்மாவே சொல்லியிருப்பார். நான் சொல்ல வருபவை கண்ணாடி முன் நிற்கும்போது தெரியாதவை. பஸ் கம்பியைப் பிடிக்கும்போது, மாலை நான்கு மணிக்கு நாற்காலியைவிட்டு எழும்போது, மூன்றாவது சலவைக்குப் பிறகு தெரிபவை.

நின்றுகொண்டு மட்டும் அளவு கொடுப்பது

அளவு எடுக்க நாடாவை எடுத்ததும் எல்லோரும் நிமிர்ந்து, வயிற்றை உள்ளிழுத்து நிற்கிறார்கள். அலுவலகத்தில் நாளின் பெரும்பகுதி உட்கார்ந்தே போகிறது. உட்கார்ந்தால் இடுப்பும் தொடையும் அகலும். நின்றபோது கச்சிதமாக இருந்த குர்தா இறுகி மேலே ஏறும். பக்கவாட்டு ஓபன் (பக்கத்தில் தைக்காமல் விடும் திறப்பு) உயரத்தில் தொடங்கினால் அது விரிந்து, நாள் முழுவதும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒருவரோடு பேசும்போது கை உடையிலேயே இருந்தால் பேச்சில் கவனம் எப்படி நிற்கும்?

அதனால் நாற்காலியில் உட்காரவைத்து இடுப்புச் சுற்றளவை இன்னொரு முறை எடுக்கிறேன். இரண்டு அளவுக்கும் நல்ல வித்தியாசம் வரும். வெட்ட வேண்டியது பெரிய அளவுக்கு. ஓபன் தொடங்கும் இடத்தையும் உட்கார்ந்த நிலையிலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்கிறேன். உங்கள் டெய்லர் இதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கைத்துணி உடம்போடு சேரும் கைக்குழியிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பஸ்ஸில் போகும் பெண்கள், "கைக்குழியை நன்றாக இறக்கிவிடுங்கள், கையைத் தூக்க வசதியாக இருக்கும்" என்பார்கள். பலன் நேர்மாறானது. கைக்குழி இறங்க இறங்க, கையை உயர்த்தும்போது உடம்புத் துணி மொத்தமும் கூடவே மேலே எழும். கைக்குழி அக்குளை ஒட்டினாற்போல் இருந்து, கைத்துணி புஜத்தில் தாராளமாக இருந்தால் கை மட்டும் உயரும், குர்தா இருந்த இடத்திலேயே இருக்கும்.

லைனிங்கை நனைக்காமல் தைப்பது

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது. நடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வாளித் தண்ணீரும் ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தால் தடுத்துவிடக்கூடிய நஷ்டம் இது.

வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நான்கு குர்தாக்களையும் இரண்டு ஜாக்கெட்டுகளையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வேறொரு கடையில் தைத்தவை. நல்ல கைத்தறித் துணி, தேடித் தேடி வாங்கியது. முதல் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போயிருக்கிறது. தைத்து வாங்கிய அன்று எடுத்த படத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. மேல்துணியை வீட்டிலேயே நனைத்துக் காயவைத்துத்தான் கொடுத்திருக்கிறார். உள்ளே வைத்த லைனிங்கோ, அந்தக் கடைக்காரரே போட்டது.

ஒரு குர்தாவை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையல் நெடுக லைனிங் விறைத்து இழுத்துக்கொண்டு நிற்க, மேல்துணி தளர்ந்துபோய்ச் சின்னச் சின்ன மேடாகக் குமிழ்ந்திருந்தது. மார்பு டாட்டின் (மார்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் கூர்மடிப்பின்) முனை இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே ஏறியிருந்தது. கீழ்மடிப்பு உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. கைக்குழியில் தையல் இழுபட்டு நூல் வெளியே தெரிந்தது. இரண்டே சலவைதான் ஆகியிருந்தது. "எனக்கு இஸ்திரி போடத் தெரியவில்லையோ அக்கா?" என்று அவர் கேட்டார். இஸ்திரியில் தவறே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் அத்தனை நாளும் தன்னையே குறை சொல்லிக்கொண்டு, மேலே ஷால் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

துணி ஏன் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறு நேராது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சியும் ஏற்றுகிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைகிறது, பருத்தி இழை ஊறிப் பருக்கிறது, இழுத்துக் கட்டியிருந்த நூல் தளர்ந்து சுருங்குகிறது. பெரும்பாலும் இது பாவு வாக்கில், அதாவது துணியின் கரை ஓடும் திசையில், அதிகமாக இருக்கும். நாம் குர்தாவின் நீளத்தை வெட்டுவதும் அந்தத் திசையில்தான். சாதாரணப் பருத்தித் துணி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். கஞ்சி கனமாக ஏற்றிய மலிவான லைனிங் அதையும் தாண்டும். 44 அங்குல நீளக் குர்தாவில் 5 சதவீதம் என்றால் இரண்டு அங்குலத்துக்கு மேல். 15 அங்குல ஜாக்கெட்டில் முக்கால் அங்குலம். மேல்துணி அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் அவ்வளவு சுருங்கினால் எந்தத் தையலும் நேராக நிற்காது.

மில் துணியில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஈரமும் சூடும் கொடுத்து ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறை அது. சான்ஃபோர்ட் கிளூயெட் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால்தான் சட்டைத் துணிகளைச் ‘சான்ஃபரைஸ்டு’ என்று சொல்லி விற்கிறார்கள். மீட்டர் 60, 70 ரூபாய்க்கு விற்கும் லைனிங்கில் அதை எதிர்பார்க்க முடியாது. தறியிலிருந்து நேரே கடைக்கு வரும் கைத்தறித் துணியிலும் எதிர்பார்க்க முடியாது.

தையல்காரர்களையும் நான் விடுவதாயில்லை. சீசன் நேரத்தில் நனைத்துக் காயப்போட இடமில்லை, ஆளில்லை என்பது உண்மைதான். அப்படியானால் அதைச் சொல்லிவிட வேண்டும். "நனைத்த லைனிங்தான்" என்று சொல்லி, பீஸிலிருந்து கிழித்தபடியே வைத்துத் தைப்பது வாடிக்கையாளரின் பணத்தைப் பாழாக்குகிற காரியம். கொஞ்சம் கவனித்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். நனைத்துக் காய்ந்த துணி கையில் துவளும், பளபளப்பு போயிருக்கும். நனைக்காதது புதுக் காகிதம்போல் மொரமொரக்கும். இரு விரல்களுக்கிடையே வைத்துக் கசக்கினால் பல நேரம் வெள்ளைத் தூள் ஒட்டும்.

அதைவிட நல்லது, லைனிங்கையும் நீங்களே வாங்கி வீட்டில் நனைத்துக் கொடுப்பது. வெறும் தண்ணீரில் இரவு முழுவதும் முழுக்கிவையுங்கள். அடர்நிறத் துணியைத் தனி வாளியில் போடுங்கள். கல்லுப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி வெளிர்நிறத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள், நிற்காது. முறுக்கிப் பிழியாமல் தண்ணீரை வடியவிட்டு, நிழலில் காயப்போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். எவ்வளவு சுருங்கியது என்று பார்க்க விரும்பினால், நனைக்கும் முன் கரையை ஒட்டி 50 சென்டிமீட்டர் அளந்து இரண்டு நூல் முடிச்சு போட்டுவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். ஒருமுறை இரண்டரை சென்டிமீட்டர் காணாமல்போவதைக் கண்ணால் பார்த்தால் அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

ரேயான் பருத்தியைவிடவும் கூடச் சுருங்கும். ஈரத்தில் வலுவும் இழக்கும், அதனால் அதைக் கசக்கவே கூடாது. பட்டுத் துணியை நனைக்க வேண்டாம், பட்டு ஜாக்கெட்டுக்கு லைனிங்கை மட்டும் நனைத்தால் போதும். வெட்டும்போது மேல்துணியின் கரை ஓடுகிற திசையிலேயே லைனிங்கின் கரையும் ஓட வேண்டும். குர்தாவில் லைனிங்கின் கீழ் ஓரத்தை மேல்துணியோடு சேர்த்து மடிக்காமல், ஓர் அங்குலம் குட்டையாகத் தனியே தொங்கவிடச் சொல்லுங்கள். மிச்சம் மீதி சுருங்கினாலும் அது மேல்துணியை இழுக்காது. சேலைக்கு ஓரம் அடிக்கும் காட்டன் ஃபால்ஸும் இதே ரகம்தான். நனைக்காமல் அடித்தால் முதல் சலவையிலேயே கொசுவத்தின் அடிப்பகுதி சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

அந்த வங்கிப் பெண்ணின் துணிகளில் இரண்டு குர்தாக்களுக்குக் கீழ்மடிப்பைப் பிரித்து லைனிங்கைத் தனியே விட்டேன். ஓரளவு சரியானது. மற்ற இரண்டில் லைனிங்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, உள்ளே சிம்மீஸ் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஜாக்கெட்டுகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜாக்கெட்டில் எல்லாத் தையலிலும் இரண்டு துணியும் ஒன்றாகப் பிடிபட்டிருக்கும், பிரித்தால் மிஞ்சுவது துண்டுதான். புடவையோடு சேர்ந்து நெய்யப்பட்ட 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி அது. அதே துணிக்கு அவர் எங்கே போவார்?

ஐந்தையும் ஒரே நாளில் வெட்டக் கொடுப்பது

ஒன்றைத் தையுங்கள். போட்டுக்கொண்டு ஒரு முழு நாள் வேலைக்குப் போய் வாருங்கள், துவைத்து இன்னொரு நாள் போடுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து மீதி நான்கையும் கொடுங்கள். முதல் வாரத்துக்குக் கையில் இருப்பதே போதும். சேர்ந்த புதிதில் யாரும் உங்கள் உடையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

உள்ளே துணி விடச் சொல்லாதது

பக்கத் தையலில் இரு புறமும் ஓர் அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். உட்கார்ந்தே செய்யும் வேலையில் உடம்பு மாறும், நல்ல துணியும் அதோடு மாறக் கூடியதாக இருக்க வேண்டும்.

பாக்கெட்

வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். தைத்தபின் வைத்தால் தொங்கும்.

அலுவலக விதியை விசாரிக்காமல் துணி எடுப்பது

தனியார் நிறுவனம் எல்லாவற்றிலும் கோட்டும் சட்டையும் கேட்பதில்லை, அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் சேலை மட்டும்தான் என்பதும் இல்லை. தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019ல் வந்த ஆணை, பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டாவுடன் கூடிய சல்வார் கமீஸ், சுடிதாரையும் அனுமதித்தது. சில பள்ளிகளில் இன்றும் எழுதப்படாத விதி வேறாக இருக்கும். சேரும் முன் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் கேட்டுவிடுங்கள்.

துப்பட்டாவைத் தளரவிடுவது

இரண்டேகால், இரண்டரை மீட்டர் துணி அலுவலக நாற்காலியின் சக்கரத்தில் சிக்கினால் கிழிவது துப்பட்டா மட்டும். ஸ்கூட்டர் சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வண்டியில் போகிறவர்கள் வண்டி எடுக்கும் முன் இரு முனையையும் இடுப்பில் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். தினமும் துப்பட்டா போட வேண்டிய இடமென்றால் தோள் மடிப்பை நிரந்தரமாகப் பிடித்துத் தைத்துத் தருகிறோம். காலையில் நேரமும் மிச்சம்.

சேலைத் தோளில் தினமும் ஒரே இடத்தில் ஊக்கு

எங்கள் பக்கத்து நெகமம் பருத்திச் சேலை 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. அலுவலகத்துக்கு அதைப்போல் உழைக்கும் சேலை எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் எந்தக் கைத்தறிச் சேலையும் ஊக்கு குத்தும் இடத்தில்தான் முதலில் நைகிறது. மடிப்பு அத்தனையையும் ஒரே ஊக்கில் முரட்டுத்தனமாகக் குத்தாதீர்கள். ஊக்கின் சுருள் பக்கத்தில் சிறு மணி ஒன்றைக் கோத்துக்கொண்டால் அந்தச் சுருளில் நூல் சிக்காது. குத்தும் இடத்தை ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் தள்ளிக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு மட்டும் உடுத்துவது

வெளியே வியர்க்கிறது என்று கையில்லாத மெல்லிய துணியாகத் தைத்துக்கொண்டு, உள்ளே ஏசிக் குளிரில் நடுங்குகிறார்கள். முழங்கை வரை கை வைத்த பருத்தி இரண்டுக்கும் ஒத்துவரும். நாற்காலியில் ஒரு கதர்ச் சால்வையும் இருக்கட்டும்.

வெளிர்நிறப் பேன்ட்

கடை வெளிச்சத்தை நம்பாதீர்கள். வாசலுக்கு எடுத்துவந்து, உள்ளே கையை விட்டு, கை தெரிகிறதா என்று வெயிலில் பாருங்கள்.

கொக்கி

சாதா இரும்புக் கொக்கி வியர்வையில் துருப்பிடித்து, ஜாக்கெட்டில் பழுப்புக் கறையை இறக்கிவிடும். பித்தளைக் கொக்கியோ துருப்பிடிக்காத கொக்கியோ கேட்டு வாங்கி, நனைத்த லைனிங்கோடு சேர்த்தே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள்.