இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ: மெட்ராஸ் பழைய தெருக்கள எப்படி எடுக்கறது

திருவல்லிக்கேணில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்துச்சு, மாடில, மரப்படி ஏறிப் போகணும். ஒரு மத்தியானம் முழுக்க அங்க உக்காந்து நாப்பது படம் எடுத்தேன், எல்லாமே க்ளோசப், தேஞ்சு போன கீ, ரிப்பன், அடிக்கற பொண்ணோட விரல், பின்னாடி எல்லாம் மங்கலா, பாக்க நல்லாதான் இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா அந்தக் கட்டடமே இல்ல. வீட்டுக்கு வந்து படங்களத் திரும்பப் பாத்தா அந்த ரூம் எவ்ளோ பெருசு, எத்தன மெஷின், ஜன்னல் எந்தப் பக்கம், வாசல் போர்டு என்ன கலரு, எதுவுமே இல்ல. அந்த நாப்பது படத்தையும் எந்த ஊர்ல வேணா எடுத்திருக்கலாம். அன்னைக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு, அதுல இருந்துதான் நான் எடுக்கற முறைய மாத்திக்கிட்டேன்.

அதனால முதல் விஷயம், தள்ளி நில்லுங்க. எதிர் பிளாட்பாரத்துக்குப் போயி கடையோட முழு முகப்பையும் எடுங்க, ரெண்டு பக்கத்துலயும் இருக்கற கடை கொஞ்சம் தெரியணும், கதவு நம்பர் தெரிஞ்சா இன்னும் நல்லது. அப்புறம் உள்ள ஒரு முழு படம், அப்புறம் வேல செய்யற ஆள், கடைசியாதான் க்ளோசப். போன்ல எடுக்கறீங்கன்னா 1x லென்ஸே போதும், அல்ட்ரா வைட் போட்டா ஓரத்துல இருக்கற தூண் எல்லாம் இழுத்த மாதிரி ஆயிடும். போன மேல் பக்கமா சாச்சுப் பிடிச்சா கட்டடம் பின்னாடி சாஞ்ச மாதிரி விழும், நேரா பிடிச்சுட்டு நீங்க பின்னாடி போங்க. கேமரான்னா 28 எம்எம் இல்லன்னா 35 எம்எம் லென்ஸ், அபெர்ச்சர் எஃப் 8, அப்பதான் கிட்ட இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் தெளிவா வரும். கரண்ட் ஒயர், பிளக்ஸ் பேனர், நிறுத்தி வச்ச ஸ்கூட்டர் எதையும் ஒதுக்காதீங்க, இன்னும் இருவது வருஷம் கழிச்சுப் பாக்கறவங்களுக்கு அந்த ஸ்கூட்டர்தான் எந்தக் காலம்னு சொல்லும்.

எத எடுக்கறதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. ஹைகோர்ட்டையும் சென்ட்ரல் ஸ்டேஷனையும் எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க. யாரும் எடுக்காதத எடுங்க. நம்பர் போட்ட பலகைக் கதவு இருக்கற மளிகைக் கடை (ஒவ்வொரு பலகையிலயும் 1, 2, 3ன்னு எழுதியிருக்கும், அந்த வரிசைலதான் மாட்டணும்), கையால எழுதின பெயிண்ட் போர்டு, கரிப்பெட்டி வச்சிருக்கற இஸ்திரி வண்டி, அடிபம்பு, அது முன்னாடி கலர் கலரா குடம், வாடகை நூல் நிலையம், எஸ்டிடின்னு எழுதினது இன்னும் அழியாம இருக்கற மஞ்சள் போன் பூத், மாவு மில்லு. கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வியாபாரம் 1996ல கோயம்பேட்டுக்குப் போச்சு, கட்டடங்க நெறைய அதுக்கப்புறமும் அங்கயேதான் நின்னுச்சு, ஆனா ராத்திரி லாரி வர்றதும் மூட்ட தூக்கறவங்க கூட்டமும் மொத்தமா போயிடுச்சு. கட்டடம் அப்புறமாதான் போவும், பொழப்பு முன்னாடியே போயிடும், அதனால கை வேல நடக்கறப்பவே எடுத்துடுங்க.

வெளிச்சத்தப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், இது தெருவுக்குத் தெரு மாறும். ஜார்ஜ் டவுன்ல தங்கசாலை, தம்பு செட்டி தெரு, ஆர்மேனியன் தெரு எல்லாம் வடக்கு தெற்கா போகுது, குறுகலா வேற இருக்கும், அதனால காலைல ஒரு பக்க சுவத்து மேல் மாடிலதான் வெயில் விழும், கீழ நிழல். அந்த நிழல் வெளிச்சம்தான் மனுஷங்கள எடுக்க அருமையா இருக்கும், எதிர் சுவத்துல பட்டுத் தெறிச்சு மூஞ்சில மெத்துன்னு விழும். உச்சி வெயில்ல எடுத்தா பாதி வெள்ள பாதி கறுப்பு. என்எஸ்சி போஸ் ரோடு கிழக்கு மேற்கு, கடல் பக்கத்துல இருந்து சூரியன் ஏறுறப்ப வெயில் ரோடு நீளத்துக்கும் வரும், பொடவை, சைக்கிள் ரிக்‌ஷா, தூசி எல்லாம் மின்னும். மயிலாப்பூர்ல கபாலீஸ்வரர் கோயிலோட பெரிய கோபுரம் கிழக்குப் பக்கம், அதுக்குக் காலை வெயில், குளம் மேற்குப் பக்கம், அங்க சாயங்காலம் போங்க. மாட வீதில மார்கழி விடியக்காலைல போனா கோலம் போடறவங்கள எடுக்கலாம், ஆனா கேட்டுட்டு எடுங்க, வாசலும் அவங்க வீடுதான்.

கட்டடம் மட்டும் வேணும்னா ஜார்ஜ் டவுனுக்கு ஞாயித்துக்கிழமை காலைல போங்க, ஷட்டர் பாதி மூடியிருக்கும், வண்டி கம்மி, மேல் மாடி மர வேலப்பாடெல்லாம் நிதானமா எடுக்கலாம். வியாபாரம் வேணும்னா வார நாள். கடைக்குள்ள எடுக்கறப்ப எல்ஈடி பல்பு இருந்தா படத்துல கோடு கோடா விழும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமராவோட ஷட்டர் ஸ்பீட 1/50 செகண்ட் இல்லன்னா 1/100 செகண்ட்ல வச்சா அந்தக் கோடு அனேகமா போயிடும். படத்தப் பழுப்பாக்கற செபியா ஃபில்டர் போடவே போடாதீங்க. சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்ச சுவரு, பச்சைக் கதவு, இந்தக் கலரெல்லாம்தான் நாம சேத்து வைக்கணும், கறுப்பு வெள்ளையா பின்னாடி எப்ப வேணா மாத்திக்கலாம், கறுப்பு வெள்ளையா எடுத்ததுல நெஜக் கலரத் திரும்பக் கொண்டு வர முடியாது.

ஆளுங்க கிட்ட பேசறதுதான் இதுல பாதி வேல. கேமராவோட பழைய கடை முன்னாடி நின்னாலே எடம் வாங்க வந்த புரோக்கரா, கார்ப்பரேஷன் ஆளான்னு பயப்படறாங்க, அது நியாயமான பயம். கேமராவ பைலயே வச்சுக்கிட்டு முதல்ல ஒரு டீயோ கால் கிலோ பருப்போ வாங்குங்க. "ஐயா, இந்தக் கதவு யாரு போட்டது, உங்க அப்பா காலமா?"ன்னு கேளுங்க, அவரே கடை கதையெல்லாம் சொல்லுவாரு, அப்புறம் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா ஐயா"ன்னு கேளுங்க. வேணாம்னா வேணாம், நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க. ரோட்டோரம் தூங்கறவங்கள, குளிக்கறவங்கள எடுக்காதீங்க, அவங்க கஷ்டம் நம்ம ஏக்கத்துக்குப் படம் இல்ல.

வருஷா வருஷம் ஒரே எடத்துல நின்னு எடுக்கறதும் ரொம்ப முக்கியம். பத்து எடம் போதும். மெட்ரோ வேலைல மயிலாப்பூர்ல லஸ் பக்கமும் கச்சேரி ரோடு பக்கமும் எப்படி மாறிட்டு இருக்குன்னு பாருங்க, அங்கேயே ரெண்டு எடம் எடுத்துக்கலாம். பழைய படத்த போன்ல தொறந்து வச்சுக்கிட்டு, கிட்ட இருக்கற ஒரு பொருளும் தூரத்துல இருக்கற ஒரு பொருளும், உதாரணமா ஒரு தூணோட ஓரமும் பின்னாடி வீட்டு ஜன்னலும், படத்துல எப்படி ஒட்டி நிக்குதோ அதே மாதிரி வர்ற வரைக்கும் நகருங்க. அது ஒத்து வந்தா நீங்க அதே எடத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு ராத்திரியே எழுதி வச்சிடுங்க, தேதி, தெரு, கதவு நம்பர், கடை பேரு, எந்தத் திசையப் பாத்து எடுத்தது, கடைக்காரர் சொன்ன ரெண்டு வரி. நாளைக்கு எழுதலாம்னு விட்டா எந்த சந்துன்னு நமக்கே மறந்துடும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி, அதுல ஒண்ணு வேற யாராவது வீட்டுல.

அப்புறம் பிரிண்ட் போட்டு அந்தக் கடைக்கே கொண்டு போய் குடுங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. போன வருஷம் ஒரு பாத்திரக் கடைல நான் குடுத்தப்ப அந்த ஐயா ரொம்ப நேரம் பாத்துட்டு, கல்லாவுக்குள்ள கைய விட்டு ஒரு பழைய படத்த எடுத்து நீட்டினாரு, அதே வாசல், அவரு அரை டிராயர்ல அப்பா பக்கத்துல நிக்கறாரு. அந்த மாதிரி படம் கெடச்சா அவங்க கிட்ட கேட்டுட்டு, வாசல் பக்கம் நிழல்ல ஸ்டூல் மேல வச்சு நேர் மேல இருந்து எடுங்க, ஃபிளாஷ் வேணாம், பளபளப்பு அடிச்சா கொஞ்சம் திருப்பி வைங்க, பின்னாடி ஏதாவது எழுதியிருந்தா அதையும் எடுத்துக்கோங்க.