வீட்டு ‘பாசேஜ்’ தமிழில் என்ன? இடைகழியா, நடையா, சந்தா?

டர்பனில் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் வரும். ‘என் வீடு’ என்று எழுதச் சொன்னால் சமையலறை, படுக்கையறை எல்லாம் எழுதிவிடுவார்கள், பாசேஜ் வந்ததும் அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

அகராதியில் இடைகழி என்று இருக்கும். உடனே எடுத்துப் போடாமல் அது எந்த இடம் என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுப் பழைய வீட்டில் திண்ணை ஏறி வாசற்படி தாண்டினால், முற்றமோ கூடமோ வருவதற்கு முன்னால் குறுகலாக ஒரு வழி இருக்கும், அதுதான் இடைகழி. குடை, செருப்பு, சைக்கிள் எல்லாம் அங்கேதான், உள்ளே கூப்பிட மனமில்லாத ஆளை நிற்க வைத்துப் பேசி அனுப்புவதும் அங்கேதான். இடை என்றால் நடு, கழிதல் என்றால் கடந்து போதல். பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது. ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் இரேழி என்றும் எழுதுவதுண்டு. அகலம் எவ்வளவு என்று கேட்டால் திருக்கோவலூர்க் கதையைச் சொல்லுங்கள்: மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒண்டிய இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கத்தான் முடியும். பொய்கையார் பாட்டிலேயே ‘இடைகழி’ வருகிறது, ‘இடைக்கழி’ என்று க் சேர்க்காமல். (செங்கல்பட்டு மாவட்டத்து ஊரான இடைக்கழிநாடு வேறு, அங்கே கழி என்பது உப்பங்கழி.)

சரி, நம் வீட்டுக்கு வருவோம். முன்கதவுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தால் தைரியமாக ரேழி என்று எழுதலாம்: ‘ரேழியில் செருப்பைக் கழற்றிவிட்டு வா.’ படுக்கையறைகளுக்கு நடுவே நீளமாக ஓடுவது ரேழி ஆகாது, அது நடை. நடை என்றால் நடப்பதும்தானே என்று பிள்ளை குழம்பினால் நடைவழி என்று சொல்லிக்கொடுங்கள். பலர் தாழ்வாரம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. கூரை தாழ்ந்து இறங்கி முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தால்தான் தாழ்வாரம். வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் இடையே குப்பைத்தொட்டி வைக்கிறோமே, அது சந்து, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு முடுக்கு. கோயிலில் சுற்றி வருவது பிரகாரம், மலைக்கு நடுவே போனால் கணவாய்.

அப்புறம் டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் இருபுறமும் கடைகள் நெருக்குகிற அந்த வழிகள். கடைச்சந்து என்று எழுதினால் யாருக்கும் புரியும், ஆனால் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள், மதரசா ஆர்கேட் மதரசா ஆர்கேட்டாகவே இருக்கட்டும்.