சிஸ்டம் ரெஸ்டோர் உங்கள் படங்களைத் திருப்பித் தராது

போன மாதம் தெரிந்த அக்கா ஒருவர் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். மகளின் சின்ன வயதுப் படங்கள் இருந்த ஃபோல்டர் அழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "சிஸ்டம் ரெஸ்டோர்ல பழைய தேதிக்குப் போனா வந்துரும்ல தம்பி?" என்று கேட்டார். வராது என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது.

2000-இல் விண்டோஸ் எம்இ-யோடு வந்த வசதி அது. பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் புது டிரைவர் சாஃப்ட்வேரோ அப்டேட்டோ கோளாறு செய்தால் சிஸ்டம் ஃபைல்களையும், விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். அதற்கு நல்ல வசதிதான். படங்கள், வேர்டு ஃபைல்கள் பக்கம் அது போவதே இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போடும் 'ரீசெட்' செய்யும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் ஃபைல்கள் தங்கும், ஆனால் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும்.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் தவறு, சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் காப்பி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் ஒரே டிஸ்க்தான். விண்டோஸைச் சரிசெய்யவென ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷனும் அதிலேதான் இருக்கிறது. டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும்.

சரி, எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியாயிற்று. அதை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற கெட்ட சாஃப்ட்வேர் 2017 மே மாதம் பரவியது. ஃபைல்களின் பழைய நிலையை விண்டோஸ் தானே எடுத்து வைத்திருந்த ஷேடோ காப்பிகளை அது அழித்தது. செருகியிருந்த டிரைவ்களையும் பூட்டியது. காப்பி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க்கையும் தனி பேக்கப்பாக எண்ண வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் பொதுவாக 30 நாள்தான் கிடக்கும்.

அப்புறம், எடுத்த பேக்கப்பைத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று சாஃப்ட்வேர் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். பல வகை பேக்கப் வைத்திருந்தும் எதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு காப்பிதான் கைகொடுத்தது.

அக்காவின் லேப்டாப்பில் இருந்தது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க். அழித்த ஃபைல்களின் இடத்தை அது தானே துடைத்துவிடும் என்பதால் ரெக்கவரி சாஃப்ட்வேருக்கும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் ஊரில் இருக்கும் பாட்டியின் வாட்ஸ்அப்பில் நாற்பது படங்கள் கிடைத்தன. அவற்றை இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைப் பாட்டி வீட்டிலேயே வைக்கச் சொல்லி அனுப்பினேன்.